பெத்லகேமில் நின்றுபோன பெட்டி

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
18 செப்டெம்பர் 2005

தங்கச்சி றோசாவுக்கு,

மாதாவின் காவலில் நீ சுகமாய் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன கிறிஸ்மஸுக்கு உன் மடத்தின் மூலம் வந்த ஒலிவ மரச் செபமாலைகளில் பாதி இங்கே ஹீற்றர் சூட்டில் வெடித்துவிட்டன. போன ஞாயிறு பூசை முடிந்ததும் கத்தரின் எல்லோர் முன்னாலும் கைப்பையைத் திறந்து, "இமெல்டா, உம்மடை பெத்லகேம் மணி உதிர்ந்து போச்சு. அங்கையும் இப்ப சைனாச் சாமான்தானோ?" என்று கேட்டாள். எனக்குக் காது சூடேறிவிட்டது. அவள் வாயை அடைக்கும்படி ஒரு காரியம் செய்ய வேண்டும்.

அடுத்த மே மாதம் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாய் நற்கருணை வாங்கப்போகிறார்கள். இருபத்துநான்கு பேர். என் மகள் அனோஜினியும் கத்தரினின் மகன் டெனிஸ்டனும் அதில் அடக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கழுத்தில் போட ஒலிவ மரச் சிலுவை ஒன்று, பின்பக்கத்தில் பிள்ளையின் பெயர் தமிழில் வெட்டியிருக்க வேண்டும். இதுகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படிக்கிறதுகள், வீட்டில் இங்கிலிஷில் சண்டை பிடிக்கிறதுகள். கழுத்திலாவது தமிழ் இருக்கட்டும் என்று தாய்மாரிடம் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பங்குச் சுவாமியும் கோயிலில் அறிவித்துவிட்டார்.

நீ சொல்லும் அந்தச் சிலுவை செய்கிறவரிடம் விலையைக் கொஞ்சம் இறக்கிப் பேசு. என் ஆசைக்குக் கேட்கவில்லை, இது தாய்மாரின் காசு, ஒவ்வொரு சதத்துக்கும் நான் கணக்குக் காட்ட வேண்டும். முற்பணம் இத்துடன். வெடித்த செபமாலைகளையும் ஞாபகப்படுத்து.

அக்கா இமெல்டா


பெத்லகேம்
23 ஒக்ரோபர் 2005

அக்கா,

உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது யாழ்ப்பாணத்து மீன் சந்தையில் உங்களுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அப்போதும் நீங்கள் பேரம் பேச, நான்தான் மீன்காரியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் நிலத்தைப் பார்ப்பேன். இப்போதும் அதே வேலைதான்.

சிலுவை செய்கிறவர் இலியாஸ். எங்கள் பிள்ளைகள் இல்லத்துக்குப் பக்கத்தில் பட்டறை. செபமாலை வெடித்த கதையைச் சொன்னேன். ஒத்துக்கொண்டார். கவாத்து வெட்டிய கிளைகள் வருஷக்கணக்கில் காய வேண்டும். போன வருஷம் காய்ந்த மரம் முடிந்துவிட்டது, ஈர மரத்தில் செய்து விற்றிருக்கிறார். "வீட்டிலை தேவை இருந்தது, சிஸ்டர்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இந்த முறை அவரிடம் நன்றாகக் காய்ந்த மரம் இருக்கிறது. ஊரைச் சுற்றிச் சுவர் கட்டுகிறார்கள் என்று முன்பு எழுதினேனே, அந்தச் சுவர் போன பாதையில் இவருடைய ஒலிவ மரங்கள் நின்றன. வெட்டிப் போட்டதை ஒரு கழுதை வண்டியில் கொண்டுவந்து பட்டறையில் அடுக்கி வைத்திருந்தார். இவ்வளவு நாளும் அதைத் தொடவில்லை. உங்கள் பிள்ளைகளின் பெயர்களை நான் தாளில் எழுதிக் கொடுத்ததும், "இதுக்கு அந்த மரம்" என்று மட்டும் சொன்னார்.

நம்முடைய எழுத்து ஒன்றும் அவருக்குத் தெரியாது. படம் பார்த்துக் கீறுவதுபோல் கீறுகிறார். 'ஜ'வைப் பார்த்து நத்தை என்று சிரித்தார். அனோஜினியின் பெயரில் நத்தை இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

விலையைக் குறைத்தார். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார்: இருபத்துநான்கு பிள்ளைகளும் சிலுவை போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு படம். இங்கே யாத்திரிகர் பஸ்ஸில் வந்து இறங்கி, பிறந்த இடத்தைக் கும்பிட்டு, உடனே ஏறி எருசலேமுக்குச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். தான் செய்த சாமான் எந்தக் கழுத்தில் விழுகிறது என்று அவர் ஒருநாளும் கண்டதில்லையாம்.

உங்கள் றோசா


மொன்றியல்
5 பெப்ரவரி 2006

தங்கச்சி,

கிறிஸ்மஸ் அன்று போனில் கதைத்தபோது சிலுவைகள் முடிந்துவிட்டன என்றாய். இன்றைக்கும் வந்து சேரவில்லை. தாய்மார் ஒவ்வொரு கிழமையும் கேட்கிறார்கள். கத்தரின் கேட்பதில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அது அதைவிட மோசம்.

நூலகத்தில் அட்லஸ் எடுத்து அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். பெத்லகேமிலிருந்து எருசலேம், எங்கள் வீட்டிலிருந்து டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போகிற தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு பெட்டிக்கு எத்தனை மாதம் வேண்டும்? அந்த மனிதர் வேறு யாருக்கோ விற்றுவிட்டாரோ என்று அல்பேட் கேட்கிறார். உன் அத்தானின் குணம் உனக்குத் தெரியும்தானே.

உங்கள் மடத்துக் கார் எருசலேமுக்குப் போய்வருகிறது என்று நீதான் ஒருமுறை எழுதினாய். அதில் போட்டு அனுப்பினால் என்ன?

இமெல்டா


பெத்லகேம்
12 மார்ச் 2006

அக்கா,

வேறு யாருக்கு விற்பது? நிதுசன், டெனிஸ்டன், அனோஜினி என்று தமிழில் வெட்டிய சிலுவையை இந்த உலகத்தில் வேறு யார் வாங்குவார்கள்? அத்தானிடம் இதைச் சொல்லுங்கள்.

அட்லஸில் தூரம் இருக்கும், பாதை இருக்காது. எருசலேமுக்குப் போகிற பழைய பெருந்தெருவின் குறுக்கே இப்போது சுவர். அதில் இரும்புக் கதவு, உள்ளே விமான நிலையம்போல் சோதனைக் கூடம். இலியாஸ் சின்ன வயதில் அந்தத் தெருவால் நடந்துபோய் எருசலேம் கடைகளுக்குச் சாமான் கொடுத்தவர். இப்போது அவருக்குப் பாஸ் இல்லை. அவருடைய வண்டியின் இலக்கத்தகடே வேறு நிறம், அந்தப் பக்கத்து றோட்டில் ஏறவே முடியாது. வடக்கே உறவினர் வீட்டுக்குப் போவதென்றாலும் எருசலேமைச் சுற்றி ஒரு பள்ளத்தாக்கால் வளைந்து வளைந்து இறங்கி ஏற வேண்டும். அந்தப் பள்ளத்தாக்குக்கு நெருப்பு என்று பெயர். பஸ்ஸில் பாதிப்பேர் சத்தி எடுப்பார்கள்.

சாமானுக்கு வேறு வழி. இந்தப் பக்கத்து லொறியிலிருந்து எல்லாவற்றையும் நிலத்தில் இறக்கி, சோதித்து, அந்தப் பக்கத்து லொறியில் ஏற்ற வேண்டும். தனியாக ஒரு பெட்டிக்கு யாரும் லொறி விடமாட்டார்கள். மற்றவர்களின் சாமான் சேரும்வரை காத்திருந்து அனுப்பினார். முதல்முறை பெருநாள் என்று சோதனை இடத்தைப் பூட்டிவிட்டார்கள். அடுத்தமுறை சோதிக்கிற இயந்திரம் பழுது. பிறகு ஒருமுறை மழை, லொறியிலிருந்து இறக்கிய பெட்டி வெளியில் நனைந்தது. இலியாஸ் திரும்பக் கொண்டுவந்து, சிலுவைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுப்புக்குத் தூரமாய்க் காயவைத்தார், கிட்ட வைத்தால் வெடிக்கும் என்று. இங்கே தேர்தலில் வெளிநாடுகளுக்குப் பிடிக்காத கட்சி வென்றபின் அவர்களின் உதவி எல்லாம் நிற்கப்போகிறது, ஆசிரியராய் இருக்கும் தன் மகளுக்குச் சம்பளம் வராது என்று அவருக்கு அந்தக் கவலையும் இருக்கிறது.

சண்டையில் யாழ்ப்பாணத்துக்கான ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்த காலம் உங்களுக்கு மறந்துபோச்சோ? கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தவர்தானே நீங்கள். அப்போது கொழும்பிலிருந்த சித்தப்பா, "ஒரு சவர்க்காரப் பெட்டி அனுப்ப இவ்வளவு கதையோ?" என்று கேட்டபோது நீங்கள் எத்தனை நாள் அவரைத் திட்டினீர்கள்!

மடத்துக் காரைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் மடத்துத் தலைவி மதர் விடமாட்டா. அந்தக் காரில்தான் பிள்ளைகளின் மருந்து வருகிறது.

றோசா


மொன்றியல்
23 ஏப்ரல் 2006

றோசா,

பெட்டியை இனி அனுப்ப வேண்டாம். மே 21 முதல் நன்மை. அதற்குள் வராது என்று தெரிந்துவிட்டது. இங்கே வேறு ஒழுங்கு செய்தாயிற்று. கொடுத்த முற்பணம் அவரிடமே இருக்கட்டும், மிச்சக் காசை நான் அனுப்பத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எல்லோரும் சுகம்.

இமெல்டா


பெத்லகேம்
20 மே 2006

அக்கா,

உங்கள் சின்னக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. போனில் சொல்லியிருக்கலாமே. போன் எடுத்தால் நான் மறுமொழி சொல்லுவேன் என்றுதான் கடிதம் எழுதினீர்களா?

அது வர முன்னமே நான் பெட்டியை அனுப்பிவிட்டேன். எப்படி என்பதை எழுதத்தான் எனக்கு வெட்கமாய் இருக்கிறது.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கிழமை, இனித் தாங்காது என்று மதரிடம் போய்க் கேட்டேன். மதர் என்னைப் பார்த்து, "இதை ஏன் இவ்வளவு நாளும் கேட்கவில்லை?" என்றா. அவ்வளவுதான். அக்கா, மதர் விடமாட்டா என்று உங்களுக்கு எழுதினேனே, நான் மதரிடம் கேட்கவே இல்லை. வியாபாரக்காரி என்று நினைத்துவிடுவாவோ, தமக்கைக்காகச் சாமான் கடத்துகிறாள் என்று மற்றச் சிஸ்டர்மார் கதைப்பார்களோ என்ற பயம். என் பயத்துக்கு மதரின் பெயரைச் சொன்னேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் இருந்தேன். சோதனைக் கூடத்தில் பதினெட்டு வயதுப் பட்டாளத்துப் பெட்டை ஒருத்தி, துவக்கோடு, என் முக்காட்டைப் பார்த்தாள், சிரித்தாள், கையைக் காட்டினாள். பெட்டியைத் திறக்கச் சொல்லக்கூட இல்லை. சுவரோரம் கம்பி வரிசையில் ஆட்கள் நின்றார்கள், வேலைக்குப் போகிற ஆட்கள், இலியாஸின் வயதில். நான் அவர்களைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தேன். கால் மணித்தியாலத்தில் எருசலேம் தபால் கந்தோர். அட்லஸில் நீங்கள் அளந்த தூரம் சரிதான் அக்கா. எனக்கு அது சரி.

விமானத் தபாலில் அனுப்பினேன், பிந்தினாலும் பிள்ளைகளின் கழுத்தில் விழட்டும் என்று. நாளைக்கு முதல் நன்மை. இலியாஸும் மனைவியும் உங்கள் பிள்ளைகளுக்காகப் பிறப்புக் கோயிலில் திரி கொளுத்தப் போகிறார்கள். உங்கள் கடிதத்தைப் பற்றி அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

என்ன ஒழுங்கு செய்தீர்கள்?

றோசா


மொன்றியல்
9 ஜூலை 2006

என் தங்கச்சிக்கு,

பெட்டி வந்துவிட்டது. சுங்கத்தில் மறித்து ஜூன் நடுவில்தான் தந்தார்கள். அல்பேட் திறக்கப் போனார், நான் விடவில்லை. இரவு எல்லோரும் படுத்தபின் திறக்கலாம் என்று நினைத்தேன், அதுவும் முடியவில்லை. மூன்றாம் நாள் பகல், அனோஜினி பள்ளிக்கூடம் போனபின், குசினி மேசையில் வைத்துத் திறந்தேன். மரத்தின் வாசம் வந்தது. அவளுடையதைத் தேடி எடுத்தேன். அந்த நத்தையை அவர் எவ்வளவு கவனமாய்ச் சுருட்டியிருக்கிறார்!

நீ கேட்டாய், சொல்கிறேன். ழான்-தலோன் தெருவில், எதையும் ஒரு டொலருக்கு விற்கிற டொலர் கடையில் மரச் சிலுவைகள் தொங்கின. எண்ணி எடுத்தேன். பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. பெத்லகேமிலிருந்து வந்துவிட்டதோ என்று சுவாமி கேட்டபோது "ஓம் சுவாமி" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ஓம்தான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது. பெயர் ஏன் இல்லை என்று தாய்மார் கேட்டார்கள். தமிழ் வெட்டத் தெரியாதாம் என்றேன், இலியாஸின் தலையில் போட்டேன். சுவாமி அவற்றை மந்திரித்து ஆசீர்வதித்தார். சிலுவைக்கு வைத்திருந்த காசில் மிச்சம் பிடித்து ஒரு பெரிய கேக்கும் வாங்கினேன். கணக்கில் எல்லாம் சிலுவைச் செலவு என்று எழுதினேன், ஒரு சதமும் பிசகவில்லை. தாய்மார் பார்த்துவிட்டு மெச்சினார்கள்.

அன்றைக்குச் சரியான வெக்கை. பூசை முடிய முன்னமே டெனிஸ்டனின் வெள்ளைச் சேட்டில் மண்ணிறச் சாயம் இறங்கிவிட்டது. கத்தரின் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "பெத்லகேம் மரம் சாயம் விடுமோ?" என்றாள். "புது மரம், எண்ணெய் கசியுது" என்றேன். வாய் கூசவில்லை. நன்மை வாங்கிய அதே வாய்.

போனில் சொல்ல எனக்கு வாய் வராது. என்ன செய்யச் சொல்கிறாய்? இப்போது பெட்டியைக் கொண்டுபோனால் முன்னையது என்ன என்று கேட்பார்கள்.

நான் யோசித்த வழி இது. இலியாஸுக்குச் சேரவேண்டிய முழுக் காசையும் என் வீட்டுச் செலவிலிருந்து அனுப்பியிருக்கிறேன், அவர் குறைத்த விலையில் அல்ல, முதலில் சொன்ன விலையில். முதல் நன்மைப் படமும் இத்துடன் இருக்கிறது. சின்னதாய்த்தான் கழுவினேன். முகம் தெரியும், சிலுவை மங்கல். பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லிக் கொடுத்துவிடு. அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் பிரச்சினை இல்லை. பெட்டி என் அலுமாரிக்குள் இருக்கும்.

எனக்காக இதைச் செய்வாயா?

அக்கா


பெத்லகேம்
20 ஓகஸ்ட் 2006

அக்கா,

செய்தேன். இனி ஒருநாளும் கேளாதீர்கள்.

கோடையில் இங்கே குழாய்த் தண்ணீர் கிழமைக்கணக்கில் வராது. கூரையிலுள்ள கறுப்புத் தாங்கிகளில் இருப்பதுதான் குளிக்க, குடிக்க, எல்லாம். நான் போன அன்று பட்டறை வீட்டில் தாங்கி அடி தட்டியிருந்தது. மின்சாரமும் இல்லை, கடைசல் இயந்திரம் நின்றிருந்தது. ஆனாலும் இலியாஸின் மனைவி எனக்குக் கோப்பி போட்டா.

காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, "கூட இருக்கு சிஸ்டர்" என்றார். அக்காதான் தரச் சொன்னவ என்றேன். பிறகு படத்தைக் கொடுத்தேன். நீங்கள் சொன்னதைச் சொன்னேன், பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள் என்று. அரபியில் சொன்னேன், தமிழில் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார், வெளிச்சத்தில் பார்க்க. அக்கா, தன் கையால் செய்ததைத் தெரியாத ஆள் உண்டா? படம் எவ்வளவு சின்னதாய் இருந்தால் என்ன? அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. கனநேரம் திரும்பவில்லை. மனைவி, "எனக்கும் காட்டுங்கோ" என்று கையை நீட்டினா. "பொறு, கையெல்லாம் மரத்தூள்" என்று சொல்லிக் கொடுக்காமல் விட்டார்.

பிறகு திரும்பி வந்து, "வடிவான பிள்ளைகள்" என்றார். ஒரு ஆணி எடுத்து, வேலை செய்கிற வாங்குப் பலகைக்கு மேலே சுவரில் படத்தை மாட்டினார். கொஞ்சம் உயரமாய், மனைவிக்கு எட்டாத உயரத்தில். "உங்கடை அக்காவுக்கு என்ரை நன்றியைச் சொல்லுங்கோ" என்றார்.

ஊர்க் கடையில் மருந்து வாங்க அந்த வழியால்தான் நான் போகவேண்டும். போன கிழமை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பட்டறையில் நின்றார்கள். "என்ரை சிலுவைகள் கனடாவிலை இருக்கு" என்று படத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதையை நிறுத்தி, நிலத்தைப் பார்த்தார். அக்கா, பொய் சொன்னவள் நான், நிலத்தைப் பார்த்தது அவர்.

இப்போது நான் மற்றத் தெருவால் சுற்றிப் போகிறேன்.

றோசா


மொன்றியல்
12 நவம்பர் 2006

றோசா,

உன் கடிதத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பூசைக்குப் பூசை அது கையில் தட்டுப்பட்டது. செப்டெம்பரில் சொல்லுவோம் என்று நினைத்தேன், மறைக்கல்வி தொடங்குகிற நேரம் வேண்டாம் என்று விட்டேன். ஒக்ரோபர் மாதாவின் மாதம் என்று விட்டேன். சாட்டுச் சொல்வதில் நீயும் நானும் ஒரு தாயின் பிள்ளைகள்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னேன். மன்னிப்புத் தந்தார். "எல்லாருக்கும் சொல்லத்தான் வேணுமோ சுவாமி?" என்று கேட்டேன். "அலுமாரியிலை இருக்கிறது உங்கடை சாமானோ, இமெல்டா?" என்றார்.

இன்று பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில், தேத்தண்ணி ஊற்ற முன்னம், பெட்டியை மேசையில் வைத்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே முழுக்க நினைவில்லை. டொலர் கடை என்று சொன்னேன். இலியாஸுக்குத் தமிழ் வெட்டத் தெரியும் என்று சொன்னேன். கடைசியில் கேக்கைப் பற்றியும் சொல்லிவிட்டேன். யாரோ சிரித்தார்கள்.

கத்தரின்தான் முதலில் எழும்பினாள். இன்றைக்கு அவள் என்ன சொன்னாலும் தாங்குவேன் என்று நின்றேன். "ஊரிலை பாஸுக்கு வரிசையிலை நிண்ட சனம் நாங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காத்திருக்க மாட்டமோ?" என்றாள். அவ்வளவுதான். டெனிஸ்டனின் சிலுவையை எடுத்து, பெயரைத் தடவிப் பார்த்து, அவன் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அனோஜினி பெட்டிக்குக் கிட்ட வரவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இது இவ்வளவு நாளும் வீட்டிலையோ இருந்தது?" என்று கேட்டாள். ஓம் என்றேன். இந்த ஓமைச் சொல்வதுதான் மற்றதைவிடக் கஷ்டமாய் இருந்தது.

இனிக் கணக்கு எழுத வேண்டாம் என்று அவர்கள் சொல்ல முன்னமே கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

படம் இத்துடன் இருக்கிறது. பெரிதாய்க் கழுவியிருக்கிறேன். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளைச் சட்டையும் மெழுகுதிரியும் இல்லை. வெளியில் பனித்தூறல், எல்லாம் குளிர்க் கோட்டோடு நிற்கிறதுகள். கோட்டுக்கு மேலே சிலுவையைப் போட்டு, பெயர் தெரியத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். சிலதுகள் சிரிக்கவில்லை. நிதுசனின் குடும்பம் ஓகஸ்டில் ரொறன்ரோவுக்குப் போய்விட்டது, அவன் மட்டும் இல்லை. வழக்கமாய் நான்தான் படம் எடுக்கிறது. இந்தமுறை அல்பேட் எடுத்தார். ஓரத்தில் நிற்கிற மனுசி நான்தான். கையில் பிடித்திருப்பது நிதுசனின் சிலுவை. அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன், அவன் தாயிடமும் இதையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும்.

இதை இலியாஸிடம் கொடு. மற்றப் படத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்காதே. அது அவருடைய சுவர். என்ன நடந்தது என்று அவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லு, மனைவிக்கும் கேட்கும்படி. கேட்காவிட்டாலும் சொல்லு.

மருந்து வாங்கப் போகும்போது பழைய தெருவாலேயே போ, தங்கச்சி.

இமெல்டா